பாதி வண்டி

என் நண்பன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் அவனைத் திட்டத் தொடங்கிவிடுவீர்கள். அவனைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அதில் யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.

நான் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு மெக்கானிக். வீரபாண்டியில் வீட்டை ஒட்டியே சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்தாலோ, மெஷின் ஓடும் சத்தம் மாறினாலோ கம்பெனிக்காரர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். அவன் பெருமாநல்லூர் ரோட்டில் பனியன் கம்பெனி நடத்துகிறான். அவன் அப்பா தொடங்கிய கம்பெனி அது. என் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, அதே கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் டேபிளில் நின்றவர். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவன் முதலாளி மகன், நான் தொழிலாளி மகன் என்று ஊர் சொல்லும். எங்களுக்குள் அதெல்லாம் கிடையாது என்று நாற்பத்தி நான்கு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். என்னைவிட மடையன் இந்த ஜில்லாவில் கிடையாது.

காங்கேயத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லுக்குத் தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன நண்பன் அங்கிருந்து போன் செய்தான். உடனே வா, காரணம் கேட்காதே என்றான். போனேன். கொப்பரைக் களத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் சாக்கு மூட்டைகளுக்கு அடியில் அது கிடந்தது. இரண்டே கதவு, முழங்கால் உயரத்துக்கு இறங்கிய மூக்கு, நிஜமான ஸ்போர்ட்ஸ் கார். முகப்பு விளக்குகள் பானெட்டுக்குள் மூடிக்கொள்ளும் ரகம். ஒன்று திறந்தும் ஒன்று மூடியும் நின்றுபோனதில் அது எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருந்தது. மில்காரரின் மகன் காலேஜ் படித்தபோது அடம்பிடித்து வாங்கிய வண்டியாம். அவன் வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டான். அதன் தலைமேல் கொப்பரை மூட்டையை அடுக்கி வைத்திருக்கிறார்கள் பாவிகள். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. மில்காரரோ இடம் காலியானால் போதும் என்கிற முகத்தோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பானெட்டைத் தூக்கினால் எலி ஒன்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஒயரெல்லாம் கடித்துத் துப்பியிருந்தது. எஞ்சின் இறுகிப்போய் அசையவில்லை. சீட்டுக்குள் கையை விட்டால் சிக்கெண்ணெய் நாற்றம். நான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் வாயைப் பார்க்கிற சொந்தக்காரன் மாதிரி. சரி பண்ணலாம் என்றேன்.

எதிரே இருந்த டீக்கடையில் வைத்து அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் சொன்னதல்ல, அவன் சொன்னது.

"மாப்ள, நீயும் நானும். பாதிக்குப் பாதி. காசு மட்டுமில்ல, வேலையும் பாதி. வேறொருத்தன் கை இதுல படக் கூடாது."

நாற்பத்தி நான்கு வருடத்தில் எனக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு பொருள் இருந்ததில்லை. அவன் சைக்கிளை நான் ஓட்டியிருக்கிறேன், அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அவன் கம்பெனி மெஷின்களைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். எல்லாம் அவனுடையவை. இது மட்டும் எங்களுடையது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனைவியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள் போட்டிருந்த ஏலச்சீட்டை எடுத்து என் பாதியை வைத்தேன். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர்தான் போட முடியும் என்றார்கள். அவன் பெயரே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பெயரில் என்ன இருக்கிறது என்று பெரிய மகான் மாதிரி பேசினேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

வண்டியை அவன் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பழைய ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினோம். என் பட்டறையில் அதற்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேரும் வேலை செய்வது என்று ஏற்பாடு. முதல் நாலு ஞாயிறு மனிதன் ஒழுங்காக வந்தான். கையுறை, தலையில் துண்டு, எல்லாம் பிரமாதம். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊறவைத்து, பெரிய ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் அசைத்தோம். மூன்றாவது வாரம் அது ஒரு நூல் நகர்ந்தது. இரண்டு பேரும் கிரீஸ் கையோடு கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

ஐந்தாவது ஞாயிறு போனோடு வந்தான். ஆறாவது ஞாயிறு போன் மட்டும் வந்தது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. இங்கே யாரும் ஒரு பனியனை முழுதாகச் செய்வதில்லை. நூலை ஒருத்தரிடம் கொடுப்பார்கள், துணியைச் சாயத்துக்கு இன்னொருத்தரிடம் அனுப்புவார்கள், பிரிண்டிங் வேறொரு இடம், பட்டன் காஜா வேறொரு இடம். எல்லாம் ஜாப் ஒர்க். முதலாளி எல்லோருக்கும் போன் போட்டு விரட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் பெட்டி கட்டும்போது பனியன் அவருடையது. அது தப்பில்லை, தொழில் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அந்தப் புத்தியை இவன் ஷெட்டுக்குள் கொண்டுவந்தான் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கொதித்தது. சீட்டை அவிநாசிப் பக்கம் ஒருவனிடம் ஜாப் ஒர்க் கொடுத்துவிட்டான். ரேடியேட்டர் கோயமுத்தூருக்குப் போனது. நான் வந்து பார்த்தால் வண்டியில் பாதி காணோம். கேட்டால், எல்லாம் டைம் மிச்சம் பண்ணத்தான் என்கிறான். யாருடைய டைம்? எனக்கு டைம் மிச்சமே வேண்டாமே. அந்த டைமுக்காகத்தானே நான் வாரம் முழுக்கக் காத்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வண்டிக்கு அடியில் கிடக்கிறேன். மேலே இவன் வெள்ளைச் சட்டையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் ஷூ மட்டும் எனக்குத் தெரிகிறது.

"மாப்ள, எஞ்சின் எப்ப முடியும்? ஒரு டேட் சொல்லு."

அப்படியே ஸ்பேனரை வீசியெறிந்துவிட்டு வெளியே வந்தேன். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. நான் உன்னுடைய ஜாப் ஒர்க்காரனா என்று கேட்டேன். ஷிப்மென்ட் தேதி கேட்கிற மாதிரி என்னிடம் கேட்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். செக்கிங் பெண்கள் ஓவர்டைமுக்கு வந்திருந்தார்கள், அவர்கள் ஜன்னலில் வந்து நின்று பார்த்தார்கள். அவன் திரும்பி வெளியே நடந்தான். போய்விட்டான் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பழைய லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வால்வுகளை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினான். சாயங்காலம் வரைக்கும் தேய்த்தான். உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. அவன்மீது எனக்குக் கோபம் நிலைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். முழுக்க முழுக்கக் கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் என்றைக்கோ தலைமுழுகியிருப்பேன்.

அப்புறம் பெயின்ட். அது எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வண்டியின் நிறம் அடர்ந்த மெரூன். டேஷ்போர்டுக்கு அடியில் மட்டும் வெயில் படாமல் அந்த நிறம் அப்படியே இருந்தது. பெயின்ட் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். இவன் என்ன செய்தான் தெரியுமா? தன்னுடைய சாயப்பட்டறை மாஸ்டரைக் கூட்டிவந்து அந்த நிறத்தைக் காட்டி, பனியன் துணியில் அதே ஷேடு போட்டு வாங்கினான். உள்ளங்கை அகலத் துணி. ஏற்றுமதி ஆர்டருக்குத் துணி வாங்குகிற வெளிநாட்டு பையரிடம் ஓகே வாங்குகிற மாதிரி அதை அட்டையில் ஒட்டி என்னிடம் நீட்டினான். நானும் ஷெட்டின் ட்யூப் லைட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு, அச்சு அசலாக இருக்கிறது என்று கையெழுத்து வேறு போட்டேன். பெயின்டர் அந்தத் துணியைப் பார்த்தே கலந்து அடித்துவிட்டார். ஷெட்டுக்குள் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வெயிலில் தள்ளினால் வண்டி கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறது! ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிகிற நிறம் இன்னொரு விளக்கில் வேறாகத் தெரியும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் இரண்டு கழுதைகளுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

இவன் பெயின்டரைப் பிடித்துக் கத்தினான். பெயின்டர் நிதானமான ஆள். மரியாதையாகவே பதில் சொன்னார்.

"எம்மேல தப்பில்லீங்க. உங்க மெக்கானிக்தாங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாரு."

உங்க மெக்கானிக். அவருக்கு என்ன தெரியும் பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் நண்பனைப் பார்த்தேன். இவன் என் மெக்கானிக் இல்லை, வண்டியில் பாதி இவனுடையது என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுபடி சுரண்டி அடிக்க எத்தனை நாள் ஆகும் என்றுதான் கேட்டான். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும் நான். கேட்கவில்லை. ஒரு வார்த்தைக்குப் போய்ச் சண்டையா என்று விட்டுவிட்டேன்.

எஞ்சின் வேலை எல்லாம் முடிந்து, பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்ப வேண்டியது மட்டும் பாக்கி இருந்தது. மடங்கி நிற்கும் விளக்குகளுக்கு மோட்டார் பல்சக்கரம் எங்கேயும் கிடைக்காமல், நிட்டிங் மெஷினின் நூல் ஃபீடரில் வரும் நைலான் பல்சக்கரத்தை அரத்தால் ராவிப் பொருத்தியிருந்தேன். இவன் அப்போது பையரைப் பார்க்க ஜெர்மனி போயிருந்தான். திரும்பி வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் ஷெட்டுக்குப் போவேன், சாவியைத் துளையில் போடுவேன், எடுத்துவிடுவேன். திருப்பவில்லை. பாதிக்குப் பாதி என்றால் முதல் சத்தமும் பாதிக்குப் பாதிதானே. என் மனைவி என்னைப் பைத்தியம் என்றாள்.

விமானத்திலிருந்து இறங்கி நேராக ஷெட்டுக்கு வந்தான். சாவியை அவன் கையில் கொடுத்தேன். மூன்று தடவை இருமிவிட்டு நாலாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. அடடா, அந்தச் சத்தம்! தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது. விளக்குகள் இரண்டும் ஒன்றாக மேலே எழுந்தன. அவன் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். நானும்தான். அந்த நிமிடத்தில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால், இந்த உலகத்தில் என் அளவுக்குக் கொடுத்துவைத்தவன் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரத்தில் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை என்றால் எங்கள் ஊரில் எல்லாக் கம்பெனியிலும் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைமரம் கட்டி, எல்லோருக்கும் பொரியும் ஸ்வீட்டும் கொடுப்பார்கள். பழைய ஆட்களுக்கும் சொல்லி அனுப்புவார்கள். அதனால் வருடா வருடம் அப்பாவை நான்தான் பைக்கில் கூட்டிப் போவேன். அன்றைக்கு வண்டியை வாசலில் நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். இரண்டாம் தடவை அடித்த பெயின்ட், வெயிலிலும் அசல் மெரூன். தமிழ், இந்தி, ஒரியா என்று எல்லாப் பாஷைக்காரர்களும் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். நான் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் ஓட்டத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து போவோம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். இரண்டே சீட்டுள்ள வண்டி, ஆளும் இரண்டு, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பூஜை முடிந்ததும் இவன் மைக்கைப் பிடித்தான். பக்கத்தில் அவன் அம்மா ஒரு தாம்பாளத்தோடு வந்து நின்றார். அதில் ஜரிகைக் கரை வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, பழம், ஒரு கவர். பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. இங்கே புது வீடு கட்டிப் பால் காய்ச்சும் நாளில், கட்டிக் கொடுத்த கொத்தனாரையும் ஆசாரியையும் கூப்பிட்டு இப்படித்தான் தட்டு கொடுப்பார்கள். பெரிய மரியாதை அது, குறை சொல்ல முடியாது. அதை வாங்கிக்கொண்டால் கட்டியவருக்கும் வீட்டுக்கும் இருந்த சம்பந்தம் அத்தோடு தீர்ந்தது. அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர் உள்ளே காலெடுத்து வைப்பார்.

"இந்த வண்டிய எனக்கு ரெடி பண்ணிக் குடுத்தவருங்க இவரு. நம்ம ஊர்ல இவரு மாதிரி ஒரு மெக்கானிக் கெடையாதுங்க. எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க."

எனக்கு. ரெடி பண்ணிக் குடுத்தவரு. மைக்கில் சொல்கிறான், சிரித்துக்கொண்டு, கண் கலங்கச் சொல்கிறான். உள்ளன்போடு சொல்கிறான் என்பதுதான் கொடுமை. எல்லோரும் கை தட்டினார்கள். அவன் அம்மா, வா கண்ணு, வந்து வாங்கிக்க என்றார். முன்வரிசையில் அப்பா எழுந்து நின்றுகொண்டு கை தட்டினார்.

அந்தத் தாம்பாளத்தைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம், இது என் வண்டி, எனக்கு எதற்கு மரியாதை என்று அந்த மைக்கிலேயே கேட்டிருக்க வேண்டும். வாய்க்கு வாய் சண்டை போடுகிறவன் நான், மெஷினில் ஒரு ஊசியை மாற்றிப் போட்டதற்கு மேனேஜரை உண்டு இல்லை என்று ஆக்குகிறவன். அந்த நான் என்ன செய்தேன்? செருப்பைக் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கழற்றினேன். குனிந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். என் உடம்புக்கு அது எங்கே எப்போது பழகியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவன்மேல் இருக்கிற ஆத்திரத்தைவிட இந்தக் கைகள்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் பெரிது.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவன் ஏறினான், பக்கத்தில் அவன் அம்மா ஏறினார். கம்பெனியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். நான் தட்டை வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன்.

திரும்பி வந்து இறங்கியவனை ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் மடக்கினேன். என்னை என்னவென்று நினைத்தாய், கொத்தனார் என்றா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. முகம் செத்துப்போய்விட்டது. இத்தனை பேர் முன்னால் உன்னைத் தூக்கி வைத்தேனே, அது தப்பா என்றான். இந்த வண்டியில் பாதி என்னுடையது என்றேன். யார் இல்லை என்றது என்றான். பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, எனக்கு இன்றைக்கும் காதில் கிடக்கிற அந்த வார்த்தையைச் சொன்னான்.

"உனக்கு என்ன வேணும்னு வாயத் தொறந்து கேளு மாப்ள. நான் குடுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

கேள். கொடுக்கிறேன். அவ்வளவுதான். என் பாதியை நான் அவனிடம் கேட்டு வாங்க வேண்டும். அவன் மனசு வைத்துக் கொடுப்பான். சத்தியமாகக் கொடுப்பான். தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார். காற்றில் பறந்துவிடும் என்று வேட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டினோம். அப்பா என் காதோரம் குனிந்து பேசினார்.

"முப்பது வருசம் நின்னேன், எனக்கு வெறுந் துண்டுதாம்ல போட்டாவ. ஒனக்கு வேட்டியும் சேத்துல்லா குடுத்துருக்காவ. நீ என்னைய முந்திட்ட மக்கா."